மூச்சைப் பார்த்து ஆடியவர்

செல்வி, முருகா, இதை மெதுவாக வாசியுங்கள். உங்களுக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வருகிறது. எனக்கும் ஐந்தாம் வகுப்புக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. ஆகையால் நாம் சரிக்குச் சரி. புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள், அவளுக்கு இதில் பாதி தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூர் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டப் பந்தயத்துக்கு நின்ற முருகன், விசில் ஊதுவதற்கு முன்பே வரிசையை விட்டு விலகி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டான். வயிற்றைப் பிசைகிறது என்றான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் செல்வி அவனைச் சீண்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் அவன் என் கையை இழுத்து, "அப்பா, பயப்படுறவன் ஜெயிக்கவே முடியாதா?" என்று கேட்டான். நான் நடையை எட்டிப் போட்டேன். எனக்குக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லை முருகா. எனக்கு ஒருவர் ஞாபகம் வந்துவிட்டார்.

ஆடி ஜெயிப்பதையும் தோற்பதையும் தொழிலாகவே வைத்திருந்த ஒரே ஒரு மனிதரைத்தான் எனக்குத் தெரியும். அவரைப் போல் பயந்த மனிதரையும் நான் பார்த்ததில்லை. அவர் பெயரை மட்டும் இதில் எழுத மாட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். நான் அவரை மார்க்கரண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

மார்க்கர் என்றால் டென்னிஸ் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடுகிறவர். மெம்பர் ஒருவருக்கு ஜோடி கிடைக்காத நாளில் வலைக்கு அந்தப் பக்கம் நின்று ஆட வேண்டும். மட்டைக்கு நரம்பு கட்ட வேண்டும். யுத்தக் காலத்தில் புதுப் பந்து கிடைக்காது, பழைய பந்தை வெயிலில் காயவைத்து பிரஷால் சீவி ரோமம் எழுப்புவதும் அவர் வேலைதான். சம்பளம் வாங்கி ஆடுகிற ஆள் என்பதால் பேப்பரில் வருகிற பெரிய பந்தயங்களில் அவருக்கு இடம் கிடையாது. அவற்றில் கோப்பை வாங்கினவர்களே வந்து அவரோடு ஆடிப் பழகிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கிளப் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. நான் தாராவியிலிருந்து நடந்தே வருவேன். அங்கே நான் மாலி. பெயர்தான் தோட்டக்காரன், வேலையெல்லாம் கோர்ட்டை மெழுகுவது. அந்தக் காலத்துக் கோர்ட் சாணித் தரை. தபேலா என்கிற எருமைக் கொட்டிலில் சாணி வாங்கி, சலித்த மண்ணோடு கரைத்து ஊற்றி, சாக்கால் இழுத்து மெழுகி, காய்ந்த பின் சுண்ணாம்பில் கோடு போட வேண்டும். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம். அது போதுமானதாக இருந்தது.

அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். நெஞ்சைப் பார்த்துப் பேசுவார். சட்டை ஏறி இறங்குவதைப் பார்ப்பார். டீக்கடையில் உட்கார்ந்திருப்போம். தெருவில் போகிற யாரையோ காட்டி, இவரால் மாடி ஏற முடியாது, அவருக்கு ராத்திரி படுத்தால் இருமல் வரும் என்று சொல்வார். முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"என்னண்ணே, ஆளாளுக்கு மூச்சு எண்ணுததுக்கும் சேத்தா சம்பளம் குடுக்காங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தாம்ல குடுக்காங்க" என்றார். அவர் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மார்க்கருக்குச் சம்பளம் ஜெயிப்பதற்கு அல்ல. மெம்பர் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அதே சமயம், விட்டுக்கொடுத்தான் என்று அவருக்குத் தோன்றவும் கூடாது. சுலபமாகத் தோற்றால் மார்க்கருக்குக் கிழடு தட்டிவிட்டது என்று பேச்சு வரும். ஜெயித்துவிட்டால் அந்த மெம்பர் மறுநாளிலிருந்து வரமாட்டார். ஆகவே எதிராளிக்கு எவ்வளவு மூச்சு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, அவர் எட்டிப் பிடிக்கிற கடைசி இடத்தில் பந்தைப் போட வேண்டும். அவர் ஓடிப் போய் எடுப்பார். பார்க்கிறவர்கள் ஆகா என்பார்கள். அடுத்த பந்தை மறு கோடியில் போட வேண்டும். இப்படி நாலு தரம் ஓட வைத்து, ஐந்தாவதை வலையில் அடித்துவிட்டு உதட்டைக் கடித்துத் தலையை ஆட்ட வேண்டும். அண்ணன் அந்தத் தலையாட்டலைச் செய்வதைப் பார்த்தால் நிஜமாகவே வருத்தப்படுகிறார் என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள்.

"ஜெயிக்கது கை வேலை. தோக்கதுதாம்ல தலை வேலை" என்பார்.

இத்தனை தெரிந்தவர், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் வாந்தி எடுப்பார். எதிரில் நிற்கப் போவது பென்ஷன் வாங்குகிற தாத்தாவாக இருந்தாலும் சரி. பயிற்சிச் சுவருக்குப் பின்னால் போய்விட்டு, குழாயில் வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவார். கையைப் பார்த்தால் நடுங்கும். மட்டையைப் பிடித்ததும் நின்றுவிடும். ஊரில் கலவரம் நடந்த வருஷம், சாயங்காலமானால் தாராவிப் பக்கம் தெருவில் ஈ காக்கை இராது. அந்தத் தெரு வழியாக என்னை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போவார். பயமில்லையா அண்ணே என்று கேட்டேன்.

"கத்தி வச்சிருக்கவன் என்ன செய்வான்னு தெரியும். அதுல பயப்பட என்ன இருக்கு? என் கை என்ன செய்யும்னுதாம்ல எனக்குத் தெரியல" என்றார்.

அப்படி அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இரண்டு காரணம் என்று சொல்ல வேண்டும்.

ஒன்று. வருஷத்துக்கு ஒருதரம் பம்பாய் கிளப்புகளின் மார்க்கர்கள் தங்களுக்குள் ஆடுவார்கள். அங்கேதான் அவர்கள் நிஜமாக ஆடலாம். நான் ஒரு வருஷம் கூடப் போனேன். அண்ணன் ஆடினதைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டேன். இப்படியும் பந்து போகுமா என்று இருந்தது. கடைசி ஆட்டத்தில் இன்னும் ஒரே ஒரு பந்து அவருக்கு வேண்டும். சுலபமான பந்துதான், இடுப்புயரத்தில் மெதுவாக வந்தது. அதை வலையில் அடித்தார். அடுத்த வாய்ப்பில் பந்து வெளியே போனது. அதற்கடுத்ததும் வலை. ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்துத் தலையை ஆட்டினார், மெம்பர்களுக்கு ஆட்டுவது போலவே. அந்த மேட்ச் போய்விட்டது. ரயிலில் திரும்பி வரும்போது வலது கையை மடியில் வைத்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசிப் பந்து என்று வந்துவிட்டால் அந்தக் கைக்குத் தோற்க மட்டும்தான் தெரியும். இருபது வருஷம் அதைத்தானே பழக்கியிருந்தார்.

இரண்டாவது காரணம் ஒரு சேட். நூல் வியாபாரம் பண்ணிய குஜராத்திக்காரர், கனத்த உடம்பு, நல்ல மனிதர். எங்கள் கிளப்பில் ஆண்டுவிழா அன்று ஒரு வழக்கம் உண்டு. மெம்பர்களுக்குள் நடந்த போட்டியில் ஜெயித்தவர், எல்லாருடைய குடும்பமும் பார்க்க, மார்க்கரோடு ஆட வேண்டும். மூன்று செட், இரண்டு எடுத்தவர் ஜெயித்தவர். முதல் செட் மார்க்கருக்கு, அடுத்த இரண்டும் மெம்பருக்கு. யாரும் இதை எழுதி வைக்கவில்லை, யாரும் வாயால் சொன்னதுமில்லை. சேட் அந்த வருஷம் ஆடினார். அண்ணன் அவருக்கு அருமையான வெற்றியாகக் கொடுத்தார். மூலைக்கு மூலை ஓட வைத்து, கடைசி கேமை இழுத்து இழுத்து, ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டும்படி தோற்றார். சேட் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கோப்பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு டம்ளர் சர்பத் கேட்டார். அது வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

ஜெயித்த சந்தோஷத்தில் போனார், புண்ணியம் செய்தவர் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அண்ணன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். மூன்றாவது செட்டிலேயே சேட்டின் மூச்சில் சீழ்க்கைச் சத்தம் கேட்டதாம். கேட்டும் நிறுத்தவில்லையாம். இன்னும் ரெண்டு கேம் இழுத்தால் ஆட்டம் அழகாக முடியும் என்று தோன்றியதாம். அதற்கு அப்புறந்தான் அவர் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அண்ணன் பிறவியில் இடதுகைக்காரர். பாளையங்கோட்டையில் துரைமார் கிளப்பில் சிறு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது, இடது கைப் பந்து கோணலாகத் திரும்புகிறது, மெம்பர்களுக்கு ஆடப் பிடிக்கவில்லை என்று சொல்லி வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் தினம் விடிகிற நேரத்தில், கிளப்பில் யாரும் வருவதற்கு முன், அவர் இடது கையில் மட்டையைப் பிடித்துத் தனியாகச் சுவரோடு ஆடுவார். வெறும் கோர்ட்டில் சர்வீஸ் போடுவார். நான் மெழுகிக் காயவைத்த தரையில், மூலைக் கோட்டோரம் பந்து பதிந்த தடம் வட்டவட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் இருக்கும்.

"எண்ணே, சாணி மெழுகுதவன் மனுசனில்லையா?" என்று நான் சண்டைக்குப் போவேன்.

"கோவிச்சுக்காதல. பீச்சாங்கைக்கு விளையாட ஆளில்ல, பாவம்" என்பார். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகத்தில் பயம் இராது. வாந்தியும் எடுக்க மாட்டார்.

சேட் போய் இரண்டு வருஷம் கழித்து மெம்பர் போட்டியில் ஜெயித்தவர் கிளப் செக்ரட்டரி. பாலக்காட்டுக்காரர், ஃபோர்ட் பக்கம் ஒரு கம்பெனியில் பெரிய ஆபீசர். கிளப்பில் அவர் வைத்ததுதான் சட்டம். அண்ணன் குடியிருந்த பின்கட்டு அறையும், என் வேலையும், அவர் ஒரு கையெழுத்தில் இருந்தன. ஆண்டுவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அவர் வீட்டு அம்மாள் தனியாகக் கிளப்புக்கு வந்தார். நான் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அண்ணனை வேலியோரம் கூப்பிட்டுப் பேசினார், எனக்கும் காதில் விழுந்தது.

"ஓடப்படாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார். ஹார்ட். இவர் கேட்டாத்தானே? மாத்திரையைக்கூட ஆபீஸ்ல யாரும் பார்க்கப்படாதுன்னு ஒளிச்சு வெச்சிண்டிருக்கார். நான் வந்து சொன்னேன்னு தெரிஞ்சா என்னை ஆத்துல இருக்க விடமாட்டார். யாருக்கும் சொல்லிடாதேப்பா. எப்படியாவது சட்டுனு முடிச்சுடு."

அண்ணன் தலையாட்டினார். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்கும் கொடுத்தார்.

சட்டென்று தோற்றுவிடலாமே என்பீர்கள். அந்த வழியை ஆபீசரே அடைத்து வைத்திருந்தார். இரண்டு நாள் முன்னால்தான் எல்லார் எதிரிலும் சொல்லியிருந்தார். "மார்க்கர், எனக்கு விட்டுக்கொடுக்கற ஆட்டம் வேண்டாம். நீ அந்த சேட்டுக்கு என்ன பண்ணினேன்னு எனக்குத் தெரியும். அப்படிப் பண்ணினேன்னு தோணித்துன்னா, அங்கேயே மறுபடியும் முதல்லேர்ந்து ஆடச் சொல்லுவேன்." காலில் சுளுக்கு என்று சொல்லச் சொன்னேன். அண்ணன் சொன்னார். ஆபீசர் விழாவையே ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு, உன் கால் சரியாகட்டும், நான் காத்திருக்கிறேன் என்றார். வழக்கம்போல இழுத்துத் தோற்றால், சேட்டுக்கு நடந்தது நடக்கும்.

மிச்சமிருந்தது ஒரு வழிதான். ஓடவே விடாமல் ஜெயித்துவிடுவது. பதினோரு வருஷத்தில் எங்கள் கிளப்பில் எந்த மெம்பரையும் அவர் ஜெயித்ததில்லை. ஆண்டுவிழாவில், குடும்பங்கள் முன்னால் ஜெயித்தால் என்ன ஆகும் என்பது எனக்கே தெரியும்.

"வேலை போனா போவுது, அது இல்லல பயம்" என்றார் அண்ணன். "கடைசிப் பந்துக்கு இந்தக் கை என்ன செய்யும்?"

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் அம்மா என்ன என்று கேட்டாள், சொல்லவில்லை. பயம் என்பது ஒட்டுகிற நோய், பிள்ளைகளே. அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

விழா அன்று சாயங்காலம் நாலு மணிக்கு நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பட்டுப் புடவைகள், போண்டாத் தட்டு, மேஜைமேல் வெள்ளிக் கோப்பை. அண்ணன் மூன்று தரம் சுவருக்குப் பின்னால் போய் வந்தார். நான் கோர்ட் மூலையில் சுண்ணாம்பு டின்னோடு நின்றேன், கோடு அழிந்தால் போடுவதற்கு. ஆபீசர் வெள்ளைக் கால்சட்டையில் துள்ளி வந்து, "நிஜ ஆட்டம், மார்க்கர்" என்றார். "ஆகட்டும் சார்" என்றார் அண்ணன், அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு.

அதற்கப்புறம் நடந்தது டென்னிஸ் மாதிரியே இல்லை. அண்ணன் போட்ட பந்தெல்லாம் ஆபீசருக்குக் கிட்டேகூடப் போகவில்லை. எட்டலாம் என்று ஒரு நினைப்பு வந்தால் அவர் ஓடுவார். அந்த நினைப்பே வராத தூரத்தில், வராத வேகத்தில் போயிற்று பந்து. ஆபீசர் ஒரு அடி எடுத்து வைப்பார், நின்றுவிடுவார். முதல் செட் ஆறு கேம், அவருக்கு ஒன்றுமில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். முதல் செட் மார்க்கருக்குத்தானே, இந்த வருஷம் மார்க்கர் ஜோராக ஆரம்பிக்கிறான் என்று சிரித்தார்கள். இரண்டாவது செட்டில் மூன்று கேம் போனதும் சிரிப்பு நின்றது. நாலு போனதும் போண்டாத் தட்டு அப்படியே நின்றுவிட்டது. ஐந்து. ஆபீசர் முகம் கறுத்தது. ஆனால் அவர் ஓடவில்லை. நான் அண்ணனைப் பார்க்கவில்லை, ஆபீசர் சட்டையைத்தான் பார்த்தேன். சாதாரணமாக ஏறி இறங்கியது.

கடைசி கேம். நாற்பது, பூஜ்யம். இன்னும் ஒரு பந்து எடுத்தால் முடிந்தது. மூன்று வாய்ப்பு கையில் இருந்தது.

முதல் வாய்ப்பில் இரண்டு சர்வீசையும் வலையில் அடித்தார். உதட்டைக் கடித்துத் தலையை ஆட்டினார்.

இரண்டாவது வெளியே போனது. மறுபடியும் அந்தத் தலையாட்டல்.

மூன்றாவதில் பந்து உள்ளேதான் விழுந்தது. ஆனால் மெதுவாக, நடுவில், அழகாக. ஆபீசர் திருப்பி அடித்தார். அண்ணனின் கை அதை இடது கோடியில் போட்டது, ஆள் எட்டிப் பிடிக்கிற கடைசி இடத்தில். ஆபீசர் ஓடினார். எடுத்தார். ஜனங்கள் ஆகா என்றார்கள். பந்து வலது கோடிக்குப் போனது. ஓடினார். மறுபடி இடது. அண்ணன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று வாய் முணுமுணுத்தது, கை மட்டும் தன் பாட்டுக்கு அந்த அழகான வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஏழோ எட்டோ தரம். கடைசியில் வலையில் அடித்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றைக்கு முதல் தடவையாக ஆபீசர் சிரித்தார். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து சிரித்தார். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. மூலையில் நின்ற எனக்கே கேட்டது அந்தச் சீழ்க்கை.

அந்த அம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

அண்ணன் தன் வலது கையைப் பார்த்தார். ரயிலில் பார்த்தாரே, அதே பார்வை. பிறகு மட்டையை இடது கைக்கு மாற்றினார்.

கைதட்டல் பாதியில் நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் ஒன்றுதான் தோன்றியது. உனக்கு என் பீச்சாங்கை போதும் என்கிறான். இடது கையால் ஒரு காகிதத்தை நீட்டினாலே முகம் சுளிக்கிற மனிதர்கள் அவர்கள். எனக்கு மட்டும் தெரியும், அந்தக் கைக்குத் தோற்கத் தெரியாது. அது யாரோடும் ஆடினதே இல்லை.

இப்போது சரிசமம், முடிக்க அடுத்தடுத்து இரண்டு பந்து வேண்டும். முதல் சர்வீஸ் மூலைக் கோட்டோரம் விழுந்து வெளியே பாய்ந்தது. ஆபீசர் மட்டையைத் தூக்கவில்லை. இரண்டாவது அதன் மறுபக்கத்து மூலையில். அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. ஆபீசர் வலைக்கு அருகே வந்தார். கை கொடுக்கவில்லை. "இடது கையாலயா?" என்று மட்டும் கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. அண்ணன் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் எழுந்து, யாரையும் பார்க்காமல், கார் நின்ற பக்கம் நடந்துபோனார்.

மறுநாள் காலையில் கமிட்டி மூன்று பேர் என்னை அறைக்குள் கூப்பிட்டார்கள். செக்ரட்டரி சார் மேல் மார்க்கருக்கு ஏதாவது கோபமா என்று கேட்டார்கள். தெரியாது சார் என்றேன். குடித்திருந்தானா என்று கேட்டார்கள். தெரியாது சார். யாராவது தூண்டிவிட்டார்களா? தெரியாது சார். அண்ணன் அந்த அம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை என்று உங்களிடம் சொன்னால் அது பாதிப் பொய். செல்வி அப்போது உங்கள் அம்மா வயிற்றில் ஏழு மாதம். மாலி வேலை போனால் தாராவியில் எங்கள் ஒற்றை அறையும் போகும். நான் பயந்தேன். அண்ணன் யாரோ ஒருவருடைய மூச்சுக்காகப் பயந்தார். நான் எனக்காகப் பயந்தேன்.

கடைசியாக ஒருவர் பேனாவைத் திறந்துகொண்டு, "அவன் பேர் என்ன?" என்று கேட்டார். பதினோரு வருஷம் அவர்களோடு ஆடியவர். மூன்று பேருக்கும் தெரியவில்லை. நான் சொன்னேன். அவர் காகிதத்தில் எழுதிக்கொண்டார். அந்த அறையில் நான் சொன்ன ஒரே உண்மை அந்தப் பெயர்தான். அதையும் அவரை வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தில் எழுதத்தான் கேட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரைக் காகிதத்தில் எழுத என் கை வரவில்லை.

மத்தியானம் அவர் கிளம்பினார். ஒரு டிரங்குப் பெட்டி, கோணியில் சுற்றிய இரண்டு மட்டை. கேட் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கமிட்டி அறையில் நான் சொன்னதை, அதாவது சொல்லாததை, அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"சார் இன்னைக்கு ஆபீசுக்குப் போனாரால?" என்றார்.

"போனாருண்ணே. கார்ல போறப்பப் பாத்தேன்."

"மூச்சு?"

"நல்லாத்தான் விட்டாரு."

"அப்பம் சரி" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். சேட் போன பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "பீச்சாங்கைக்கு அது முத மேட்ச்ல" என்று இடது கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. பூனாவில் ஒரு பட்டாளத்துக் கிளப்பில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். மான்குர்த் பக்கம் சாக்குத் தைக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு இடத்துக்கும் போய்ப் பார்த்தேன், இல்லை. அந்த ஆபீசர் பல வருஷம் உயிரோடு இருந்தார், பேரன் எடுத்தார். அன்றைக்கு மூன்று செட்டும் ஆடியிருந்தால் அவருக்கு ஏதாவது ஆகியிருக்குமா, அண்ணன் பட்டது வீண் பயமா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியப் போவதில்லை. முருகா, நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

அவர் போன அன்று சாயங்காலம் கோர்ட்டைப் புதிதாக மெழுகிவிடச் சொல்லி உத்தரவு. மெம்பர்கள் யாரும் வரவில்லை. நான் சாணியைக் கரைத்து வைத்தேன். அப்புறம் சுண்ணாம்புப் பிரஷை எடுத்துக்கொண்டு, அவர் கடைசி சர்வீசுக்கு நின்ற இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் பெயரை முழுசாக, தகப்பனார் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து, தமிழில் பெரிதாக எழுதினேன். அது காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருந்தேன். பிறகு வாளியைச் சரித்து அதன்மேல் சாணியை ஊற்றி, சாக்கால் இழுத்து மெழுகினேன். மறுநாள் விடியற்காலை, தரை இறுகிய பின், அதன்மேல் கோட்டைப் போட்டேன்.